இடையன்குடிக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்



இந்த மாதம் பிஷப் ராபர்ட் கால்டுவெல் ஐயருடைய ஜீவிய சரித்திரத்தை உங்களுக்கு எழுதும்படி கர்த்தர் என்னை ஏவினார். நம்ம மயிலத்தில் ஆதீனத்தார் நடத்துகிற தமிழ்க் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க, கால்டுவெல் யார் என்று உடனே சொல்லிவிடுவார்கள். திருநீறு பூசின தமிழாசிரியர்கள் இவரை மரியாதையோடு சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் தினந்தோறும் வேதத்தைத் தூக்கிக்கொண்டு போகிற நம்மில் அநேகருக்கு இவரைத் தெரியாது. நம்ம கையில் இருக்கிற அந்த வேதத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு. அதை முன்னால் சொல்கிறேன்.

இவர் ஆங்கிலிக்கன் சபையின் பிஷப். ஞானஸ்நானத்தைக் குறித்தும், பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைக் குறித்தும் நம்முடைய உபதேசம் வேறு. ஆனாலும் நம்மைப்போல விசுவாசிக்காதவரிடத்திலும் கற்றுக்கொள்ளத்தக்க காரியங்கள் உண்டு, பிரியமானவர்களே.

ஸ்காட்லாந்து ஜனங்கள்

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கிற மலைநாடு ஸ்காட்லாந்து. வெள்ளைக்காரர் எல்லாரும் இங்கிலீஷ்காரர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி அல்ல. ஸ்காட்லாந்தார் தனி ஜனம், தனி ராஜ்யமாக இருந்தவர்கள். 1707-ஆம் வருஷம்தான் இங்கிலாந்தோடு ஒரே ராஜ்யமாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சொந்த மொழிகள் இரண்டு. மலைப்பக்கத்து ஜனங்கள் பேசினது கேலிக். சமவெளி ஜனங்கள் பேசினது ஸ்காட்ஸ். இது இங்கிலீஷுக்கு அக்காள் தங்கை மாதிரி, ஆனாலும் வேறு மொழி.

இந்த இரண்டு மொழிகளுக்கும் என்ன நேர்ந்தது தெரியுமா? 1560-இல் ஸ்காட்லாந்தில் சீர்திருத்தம் உண்டாயிற்று. ஜனங்கள் வேதத்தின்மேல் மிகுந்த வாஞ்சையுள்ளவர்களானார்கள். ஆனால் அவர்கள் கைக்குக் கிடைத்த வேதம் இங்கிலீஷ் வேதம். வீட்டிலே ஸ்காட்ஸ், பிரசங்க பீடத்திலே இங்கிலீஷ். கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டவருடைய பாஷை இங்கிலீஷ், நம்ம பாஷை அடுப்படி பாஷை என்கிற எண்ணம் உள்ளே புகுந்துவிட்டது. கேலிக் பேசின மலைஜனங்களுக்கோ அவர்களுடைய சொந்த நடையில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது 1767-இல், முழு வேதாகமம் 1801-இல்.

இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். தரங்கம்பாடியிலே சீகன்பால்க் ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-இல். பழைய ஏற்பாடும் 1728-க்குள் முடிந்தது. அப்படியானால் ஸ்காட்லாந்து மலைஜனங்களுக்குத் தங்கள் மொழியில் வேதம் கிடைப்பதற்கு 50 வருஷம் முன்பே, நம்ம கடற்கரையிலே தமிழனுக்கு வேதம் கிடைத்துவிட்டது! இது எவ்வளவு பெரிய கிருபை! இதை நாம் எண்ணி ஸ்தோத்திரம் செலுத்தியிருக்கிறோமா?

பின்னாட்களில் 1872-இல் வந்த கல்விச் சட்டம் கேலிக் மொழியைக் கண்டுகொள்ளவே இல்லை. சில பள்ளிக்கூடங்களில் கேலிக் பேசின பிள்ளையின் கழுத்திலே ஒரு கட்டையைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தினார்கள். 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பில், 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள அந்த தேசத்தில் கேலிக் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 57,000 பேர்தான். 2025-இல்தான் கேலிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அரசு மொழி என்கிற தகுதியைக் கொடுத்து அவர்களுடைய பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. மரம் பட்டுப்போகிற நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கர்த்தர் துளிர்க்கப்பண்ணட்டும்.

இப்படிப்பட்ட ஜனத்திலிருந்து அநேகரைத் தேவன் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்கிற ஸ்காட்லாந்து ஊழியர் சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. அதை வளர்த்த வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. திண்டிவனத்தில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகும்போது தாம்பரத்தில் அந்தக் கல்லூரியைத் தாண்டித்தான் போகிறோம். எழும்பூரில் ஸ்காட்லாந்தார் கட்டின கர்க் ஆலயம் 1821 முதல் நிற்கிறது. ஆனாலும் தமிழ் ஜனங்களின் இருதயத்தில் இடம்பிடித்தவர் கால்டுவெல் ஐயரே.

ஏழை வீட்டுப் பிள்ளை

ராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் வருஷம் மே 7-ஆம் தேதி அயர்லாந்து தேசத்தில் ஆன்ட்ரிம் சீமையில் கிளேடி என்கிற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புக்காக வந்த ஏழை ஜனங்கள், பிரெஸ்பிட்டேரியன் சபையார். பிள்ளைக்குப் பத்து வயதானபோது குடும்பம் மறுபடியும் ஸ்காட்லாந்துக்கே போய் கிளாஸ்கோ பட்டணத்தில் குடியேறியது. அந்தப் பட்டணத்தில் பள்ளிக்கூடத்திலே இங்கிலீஷ், தெருவிலே ஸ்காட்ஸ், மலையிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் வாயிலே கேலிக். மொழி என்றால் வெறும் வார்த்தை அல்ல, அதிலே மேல் கீழ் என்று பார்க்கிற மனுஷ குணமும் உண்டு என்பதைக் கண்ணால் காணத்தக்க இடம் அது.

படம் வரைகிற திறமை இருந்தபடியால் வாலிப வயதில் சித்திரக்கலை கற்க டப்ளின் பட்டணத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் கர்த்தர் அவரைத் தொட்டார். தூரிகை பிடிக்கப் போனவர் ஊழிய அழைப்போடு திரும்பினார். லண்டன் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்தார். அவர்கள் அவரைக் கிளாஸ்கோ சர்வகலாசாலைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அங்கே சேண்ட்ஃபோர்ட் என்கிற கிரேக்க மொழிப் பேராசிரியர் மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தார். அந்த விதை பின்னால் தமிழ்நாட்டு மண்ணில் முளைக்கப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

1838-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சென்னையில் கப்பல் இறங்கினார். வயது 23. அதே கப்பலில் வந்த சி.பி. பிரவுன் என்கிற தெலுங்குப் பண்டிதரோடு பழகி, பிரயாண நாட்களை வீணாக்காமல் இந்திய மொழிகளைக் குறித்துக் கற்றுக்கொண்டார். சென்னையில் மூன்று வருஷம் உட்கார்ந்து தமிழ் படித்தார். பிரசங்கம் பண்ண ஆசை இருந்தது. ஆனால் ஜனங்கள் பாஷை தெரியாமல் பிரசங்கித்து என்ன பிரயோஜனம்?

நடந்தே போனார்

1841-இல் அவர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமைக்குப் போகும்படி நியமிக்கப்பட்டார். சென்னையிலிருந்து அவ்வளவு தூரத்துக்கும் கால்நடையாகவே புறப்பட்டார், சகோதரரே! அந்த நாளில் துரைமார் பல்லக்கிலும் குதிரையிலும் போவார்கள். இவரோ ஜனங்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நடந்தார். தரங்கம்பாடியையும் தஞ்சாவூரையும் பார்த்தார். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரைச் சந்தித்தார். நீலகிரி மலைக்கு ஏறிப்போய் அங்கே பிஷப்பின் கையால் குருப்பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர், மதுரை வழியாகத் தெற்கே இறங்கி, அந்த வருஷக் கடைசியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார்.

இடையன்குடி என்ன பெரிய ஊரா? சுற்றிலும் செம்மண் தேரி. காற்றடித்தால் மணல் பறந்து வந்து வீட்டை மூடும். கண்ணுக்கு எட்டினமட்டும் பனைமரம். ஜனங்கள் பனையேறிப் பதநீர் இறக்கிப் பிழைத்த ஏழைகள். அங்கேதான் கால்டுவெல் ஐயர் தெருக்களை நேராக்கினார், கிணறு வெட்டினார், மரம் நட்டார், பள்ளிக்கூடம் வைத்தார். 1844-இல் எலைசா மால்ட் அம்மாவை விவாகம் பண்ணினார். அம்மா நாகர்கோவில் மிஷனெரியான சார்லஸ் மால்ட் ஐயருடைய குமாரத்தி. சின்ன வயதிலிருந்தே நம்ம ஜனங்களோடு வளர்ந்தவர். எழுத்தறியாத பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினதும், அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் இந்த அம்மாதான். ஐயருடைய ஊழியத்தைச் சொல்கிறவர்கள் அம்மாவைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

அங்கே ஒரு ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். 1847-இல் ஆரம்பித்த வேலை 1880-இல்தான் பிரதிஷ்டையில் முடிந்தது. 33 வருஷம்! நாம் மூன்று மாதம் ஜெபித்துப் பதில் வராவிட்டால் சோர்ந்துபோகிறோம். டப்ளினில் கற்ற சித்திரவேலை அப்பொழுது உதவிற்று. வளைவுகள் எப்படி வரவேண்டும் என்று களிமண்ணில் மாதிரி செய்து கொத்தனார்களுக்குக் காட்டினாராம். நீங்கள் இரட்சிக்கப்படுமுன் கற்ற தொழிலைக்கூட ஆண்டவர் வீணாக்கமாட்டார்.

தமிழ் தனி மொழி என்று காட்டினவர்

அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர், தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1816-இல் சென்னையில் எல்லிஸ் துரை அப்படி அல்ல என்று எடுத்துச் சொன்னார். ஆனால் அதை விரிவாக, ஒவ்வொரு இலக்கணக் கூறாக ஆராய்ந்து நிலைநாட்டினவர் கால்டுவெல் ஐயர். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது.

ஒரு எளிய உதாரணம் சொல்கிறேன். நாம் மூன்று என்கிறோம். மலையாளத்தார் மூன்னு என்கிறார்கள். கன்னடத்தார் மூரு என்கிறார்கள். தெலுங்கர் மூடு என்கிறார்கள். சமஸ்கிருதத்திலோ அது த்ரி. எது எதோடு சேர்ந்த குடும்பம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது அல்லவா? இப்படி எண்கள், வேற்றுமை உருபுகள், வினைச்சொற்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டார். 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளைச் சேர்த்தார். அதில் ஆறு இலக்கியமுள்ள மொழிகள். மற்ற ஆறும் தோடர், கோத்தர், கோண்டர் போன்ற மலைவாழ் ஜனங்களின் மொழிகள். எழுத்தே இல்லாத ஏழைகளின் பேச்சையும் ராஜ சபையில் பாடப்பட்ட மொழியோடு ஒரே பந்தியில் உட்காரவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த காரியம் இதுதான். கிளாஸ்கோ சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துக் கனப்படுத்தியது.

இப்பொழுது நம் வேதாகமத்துக்கு வருகிறேன். 1858-இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிற வேலை ஆரம்பமாயிற்று. முத்தையா பிள்ளை என்கிற தமிழ்ப் பண்டிதர் அதில் துணைநின்றார். அந்தக் குழுவில் கால்டுவெல் ஐயரும் ஒருவர். பல வருஷம் வசனம் வசனமாக உட்கார்ந்து பார்த்தார்கள். 1871-இல் அது முழுமையாக வெளிவந்தது. நாம் சபையில் வாசிக்கிற, மனப்பாடம் பண்ணுகிற, ஜெபத்தில் பிடித்துக்கொண்டு மன்றாடுகிற பழைய திருப்புதல் வேதாகமம் அதுதான்! அடுத்த முறை வேதத்தைத் திறக்கும்போது, இந்த வார்த்தைகளுக்காக முதுகு வளைய உழைத்தவர்களுக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அவர் பேனா காயப்படுத்தியது

சரித்திரத்தை எழுதுகிறவன் நல்லதை மட்டும் எழுதினால் அது முகஸ்துதி. வேதம் தாவீதின் பாவத்தையும் மறைக்கவில்லை. கால்டுவெல் ஐயர் 1849-இல் தாம் ஊழியம் செய்த பனையேறும் ஜனங்களைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதிலே அவர்களுடைய அறிவையும் பழக்கவழக்கங்களையும் தாழ்த்தி எழுதிவிட்டார். சொந்த தேசத்து வாசகர்களுக்கு எழுதினது. ஆனால் அவர் கட்டின அதே பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்களானபோது அந்தப் புத்தகம் அவர்கள் கைக்கு வந்தது. மனம் நொந்தார்கள், எதிர்த்தார்கள். நியாயமான கோபம் அது. பிற்பாடு அவர் அந்தப் புத்தகத்தை மேலும் பரவாதபடி திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஜனங்களின் பாஷையை நேசித்தவரே ஜனங்களைக் குறித்துப் பேசுகையில் இடறினார் என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்! காலனி ஆட்கள், ஊர் ஆட்கள், அவங்க இப்படித்தான் என்று நாமும் சபைக்குள்ளேயே பேசுகிறோமே. ஒருவருக்காகக் கிணறு வெட்டிக்கொடுத்தாலும், அவரைத் தாழ்வாக நினைக்கிற நினைவு ஒருநாள் வெளியே வந்தே தீரும்.

எழுப்புதல் வந்தது எந்த பாஷையில்?

இவர் ஊழியஞ்செய்த அதே காலத்தில், அதே திருநெல்வேலிச் சீமையில், 1860-இல் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. கருவியாக இருந்தவர் துரை அல்ல, அருளப்பன் என்கிற தமிழ் ஊழியர். ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அமெரிக்காவிலே அசூசா தெருவில் 1906-இல் அக்கினி விழுவதற்கு 46 வருஷம் முன்பே! பெந்தெகொஸ்தே அனுபவம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்கிறவர்களுக்கு இது பதில். ஆவியானவர் தமிழ் பேசுகிறவர்கள் இங்கிலீஷ் கற்கும்வரை காத்திருக்கவில்லை. அல்லேலூயா!

கால்டுவெல் ஐயர் 1877-இல் பிஷப்பாக அபிஷேகம் பண்ணப்பட்டார். அது கொடிய பஞ்சத்தின் காலம். பசித்தவர்களுக்கு உதவும் வேலை அவர் தோளில் விழுந்தது. 1881-இல் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தையும் எழுதி வெளியிட்டார். கடைசி வருஷங்களில் தூத்துக்குடியில் தங்கி ஊழியம் செய்தார். சரீரம் தளர்ந்து 1891 ஜனவரியில் ஓய்வு பெற்றார். ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 77. அதில் 53 வருஷம் இந்தியாவில். அவருடைய சரீரத்தை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, அவர் கட்டின இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம்பண்ணினார்கள். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இன்றைக்கும் அது அங்கே நிற்கிறது.

நமக்கு என்ன?

பிரியமான தேவபிள்ளைகளே, இந்தச் சரித்திரத்தை நான் எழுதினதற்குக் காரணம் உண்டு. நம்ம சபையில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஸ்தோத்திரம். இங்கிலீஷ் மீடியம் போகட்டும், நல்ல வேலைக்குப் போகட்டும், நான் அதற்கு விரோதி அல்ல. ஆனால் ஞாயிறு ஆராதனையில் ஒரு சங்கீதத்தைத் தமிழில் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறார்களே! பெற்றோர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், பெருமைப்படவும் செய்கிறார்கள். நெகேமியா 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பாதி அஸ்தோத் பாஷை பேசினார்கள், யூத பாஷை பேச அறியாதிருந்தார்கள். அதைக் கண்டு நெகேமியா சும்மா இருந்தாரா? தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து வேதம் வாசிக்க முடியாத பிள்ளை, அவர்கள் விசுவாசத்தை எப்படிச் சுதந்தரிக்கும்? ஸ்காட்லாந்து ஜனங்களுக்கு நேர்ந்ததை மேலே வாசித்தீர்களே. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். தாய்மொழி அடுப்படிக்கு மட்டும் போதும் என்று அவர்கள் தாங்களே நினைத்த நாளில்தான் வேர் அறுந்தது.

இன்னொரு கூட்டமும் நம்மில் உண்டு. கூட்டு ஜெபத்தில் வாய் திறக்காத தாய்மார்கள். கேட்டால், எனக்குப் புஸ்தகத் தமிழ் வராது பாஸ்டர், நாங்க கழனி வேலை செய்றவங்க, எங்க பேச்சு நல்லா இருக்காது என்கிறார்கள். அம்மா, பேதுருவை யோசித்துப் பாருங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது எது? அவருடைய கலிலேயா நாட்டுப்புறப் பேச்சு. அதே கலிலேயரை நிறுத்தித்தான் பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் பேசவைத்தார். மூவாயிரம்பேர் இரட்சிக்கப்பட்டார்கள். அந்த நாளில் ஒவ்வொரு ஜனமும் தன் தன் ஜென்ம பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டது. எல்லாரும் ஒரே உயர்ந்த பாஷையைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. உங்க பேச்சிலேயே பேசுங்க. அப்பா பாருங்கப்பா என்று அழுதாலும் அவருக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று. நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. நரிக்குறவர் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலே பேசுகிற வாக்ரி மொழி நம்ம பஸ் ஸ்டாண்டிலே தினமும் நம் காதில் விழுகிறது. நாமோ ஊசி பாசி வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கடல் தாண்டி வந்து, தேரி மணலில் உட்கார்ந்து நம்ம பாஷையைக் கற்றாரே. நம்ம சபையிலிருந்து ஒரு வாலிபன், ஒரு சகோதரி, அந்த ஜனங்களோடு மரியாதையாக உட்கார்ந்து, அவர்கள் பேச்சைக் கற்று, அவர்களுக்கு இயேசுவைச் சொல்ல முன்வருவாரா? தாழ்வாகப் பார்க்கிற கண்ணோடு அல்ல, கற்றுக்கொள்ளுகிற காதோடு.

இந்த மாத உபவாச ஜெபத்தில் மூன்று காரியங்களுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். முதலாவது, நம்ம பிள்ளைகள் தமிழ் வேதத்தைத் தாங்களே வாசிக்கும்படி. வீட்டிலே தினம் ஒரு அதிகாரம் சத்தமாக வாசிக்கவையுங்கள், ஜெபத்தோடு கிரியையும் வேண்டும். இரண்டாவது, வாய் திறக்காத தாய்மார் தைரியமாய் ஜெபிக்கும்படி. மூன்றாவது, இருளர், நரிக்குறவர் மத்தியில் போக ஆட்கள் எழும்பும்படி. அழைப்பை உணர்கிறவர்கள் ஆராதனை முடிந்தபின் என்னை வந்து பாருங்கள்.

சகல கோத்திரத்தாரும் பாஷைக்காரரும் சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கப்போகிற நாள் சமீபமாயிருக்கிறது. ஸ்காட்லாந்தாரும் இருப்பார்கள், பனையேறினவர்களும் இருப்பார்கள். நம்ம மயிலத்து ஜனங்களும் அங்கே காணப்படும்படி கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
மயிலம்